பானைக்குழித் தேக்குகள்

க்ர்ரீ... க்ர்ரீ... க்ர்ரீக்.

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் வரும்.

கேளுங்கள் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்களும் கேளுங்கள். இன்று நம் ஊர்களில் நிற்கிற மரங்களுக்கெல்லாம் முப்பாட்டன் மரம் ஒரு விதைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொடைமாறன் என்ற ராஜா ஆண்ட நாட்டில், தேக்கு மரங்கள் அடர்ந்த ஒரு குன்றின் சரிவில் பதினோரு குடிசைகள் இருந்தன. மரங்களுக்கு மிக அருகில் இருந்த குடிசையில் ஆவுடை இருந்தாள். அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. பொடிச்சி என்று கூப்பிடுவாள்.

முதல் நாள் சத்தம் கேட்டபோது, எண்ணெய் காணாத வண்டிச் சக்கரம் என்று நினைத்தாள். ஆனால் அந்த மேட்டில் வண்டி ஏறாது.

இரண்டாம் நாள் கேட்டபோது, புருஷன் இருளப்பன் பல்லைக் கடிக்கிறான் என்று நினைத்து அவனை உலுக்கினாள். "என் பல்லு என்ன கோட்டைக் கதவா, இம்புட்டுச் சத்தம் போட?" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அகல்விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்பது எட்டு வைத்தால் முதல் மரம். மேலே லேசான காற்று. மரம் ஆடியது. மரம் ஆடுவது புதிதில்லை. ஆனால் விளக்கைத் தாழ்த்தி அடிமரத்தைப் பார்த்தாள். மரம் அந்தப் பக்கம் சாய்ந்தபோது, அடியில் நிலம் வாய் திறந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தபோது வாய் மூடிக்கொண்டது. திறந்த வாயில் நான்கு விரலை விட்டுப் பார்த்தாள். நான்கும் போயின. உள்ளே கல்விளிம்பில் வேர் உரசியது. அதுதான் சத்தம்.

திரும்பிக் குடிசையைப் பார்த்தாள். மரத்தைக் கண்ணாலேயே கீழே படுக்க வைத்து அளந்தாள். வேர் இங்கே என்றால் நுனி அடுப்படியைத் தாண்டிப் போகும். நடுமரம் விழுகிற இடத்தில் தூளி தொங்கியது. தூளியில் பொடிச்சி.

அந்தக் குன்றில் அந்த மரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த நாட்டுப் பெரியவர்களின் அறிவை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு கொடைமாறனுக்கு ஒரு தேக்கு வனம் வேண்டும் என்று ஆசை வந்தது. நல்ல ஆசை. அந்த நாட்டில் மூன்று விதமான மண் இருந்தது. ஆற்றங்கரையில் வண்டல். அது இரண்டு ஆள் ஆழம். அடிவாரத்தில் செம்மண். அது ஓர் ஆள் ஆழம். குன்றின் மேலே அரைச்சாண் மண், அதற்குக் கீழே சுக்கான் கல். அது பாறையைப் போல இறுகிக் கிடக்கும். கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்.

எங்கே நடுவது என்று சொல்ல வேண்டியவர் வனத்தலைவர் பூவராகர். வனத்தலைவர் என்றுதான் பேர். அவர் கையில் சோறு ஒட்டியதுண்டு, சந்தனம் ஒட்டியதுண்டு, மண் ஒட்டியதில்லை. அவர் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பக்கத்து நாட்டு ராஜா காலையில் மாடியில் நின்று பல் விளக்கும்போது, நம் நாட்டில் எந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரியும்?"

குன்று தெரியும் என்றார்கள். அவ்வளவுதான். வனம் குன்றில் என்று முடிவாகிவிட்டது. ஒரு மனிதர் பல் விளக்குவதை வைத்து மூவாயிரம் மரத்துக்கு இடம் பார்த்த நாடு அது ஒன்றுதான்.

குழி வெட்டியவர்களில் ஆவுடையும் ஒருத்தி. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. ஒரு நாள் முழுக்கக் குத்தினால் சோற்றுப்பானை அளவுக்கு ஒரு குழி விழும். அதற்குள் இறங்கி நின்றால் முழங்கால் மறையும். அதற்கு மேல் கடப்பாரை இறங்காது.

மேற்பார்வைக்கு வந்த பூவராகரிடம் அவள் சொன்னாள். "ஐயா, அடியில கல்லு. வேரு எங்க போகும்?"

பூவராகர் பல்லக்கில் இருந்தபடியே சிரித்தார். "வேர் எங்கேயாவது போய்க்கொள்ளட்டும் பெண்ணே. நமக்கு மரம் மேலே போனால் போதும். கல் இருந்தால் எருவைக் கூடப் போடு."

கல்லை உடைக்கவில்லை. குழியைப் பெரிதாக்கவில்லை. மூவாயிரம் பானைக்குழியிலும் எருவை நிரப்பிக் கன்றை நட்டார்கள்.

பிறகு வந்தது எருவரி. நெல்லில் ஆறில் ஒரு பங்கு கேட்கிற ராஜாக்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடைமாறன் சாணத்தில் முழுப்பங்கு கேட்டார். வீட்டுக்கு வீடு, தொழுவத்துக்குத் தொழுவம், மாட்டின் வாலுக்குப் பின்னால் ஒரு சேவகன் கூடையோடு நின்றான். மாடு வாலைத் தூக்கினால் அவன் வணங்கிக் கூடையை நீட்ட வேண்டும். பொடிச்சி பிறந்தபோது ஆவுடையின் குடிசையில் தரை மெழுக ஒரு பிடி சாணம் இல்லை. வெறும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டாள்.

மரத்துக்கு வருஷம் முப்பது கூடை எரு. அதைச் சுமக்கத்தான் அந்தப் பதினோரு குடும்பங்கள். எரு தாமதமாகக்கூடாது என்பதால் அவர்கள் குன்றுச் சரிவை விட்டு எங்கேயும் குடிபோகக் கூடாது என்று கட்டளை. போனால் கால்விலங்கு.

வயலுக்கு எரு இல்லை. நெல் மஞ்சளாகக் கிடந்தது. குன்று மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒவ்வொரு ஆனி மாதமும் அளவுத் திருவிழா வைத்தார்கள். ராஜா வருவார், அளவுகோல் வரும், கவிராயர் வருவார். முதல் வருஷம் ஓர் ஆள் உயரம். இரண்டாம் வருஷம் இரண்டாள் உயரம். மூன்றாம் வருஷம் நான்காள் உயரம். ராஜா குதித்தார். கவிராயர் பாடினார். பூவராகருக்குக் காதில் ஒரு குண்டலம் கூடியது.

ஆறாம் வருஷம் நுனி மஞ்சளித்தது. அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் பத்துக் கூடை கொட்டினார்கள். நுனி பச்சையானது. வெல்லப்பாகை மட்டுமே ஊட்டி வளர்த்த பிள்ளைக்குக் கன்னம் உப்பினால், பயில்வான் என்று மெச்சுகிற கூட்டம் அது. எத்தனை உயரம் என்று ஒன்பது வருஷம் அளந்தார்கள். எத்தனை ஆழம் என்று ஒரு நாள்கூட அளக்கவில்லை.

இப்போது ஆவுடையிடம் வருவோம்.

விடிந்ததும் இருளப்பனை இழுத்துக்கொண்டு போய் அந்த வாயைக் காட்டினாள். அவன் விரலை விட்டான். மரம் திரும்பி வந்து விரலைக் கடித்தது. "ஆத்தே!" என்று கையை உதறினான்.

"ஆனி பொறந்துடுச்சி," என்றாள் ஆவுடை. "ஆடிக் காத்துக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. இந்தக் காத்துக்கே இப்படி ஆடுது. அந்தக் காத்துக்கு என்ன செய்யும்? தூளியை எங்க கட்டட்டும், நீயே சொல்லு."

அவன் குடிசையைச் சுற்றி வந்து பார்த்தான். எந்தப் பக்கம் கட்டினாலும் ஒரு மரம் இருந்தது.

ஆவுடை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூவராகர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். "எங்களைக் கொஞ்சம் தள்ளிக் குடிபோக விடுங்க ஐயா. எருவை அங்கேருந்தே சுமக்கறோம்."

பூவராகர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "மரம் ஆடுகிறதா? ஆடட்டும். சந்தோஷத்தில் ஆடுகிறது. முப்பது கூடை சாப்பிட்டால் நீயும் ஆடுவாய்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆவுடை திரும்பி வந்தாள்.

மறுநாள் பட்டப்பகலில், பெரிய காற்று ஏதும் இல்லாமல், மேட்டிலிருந்து ஒரு மரம் சாய்ந்தது. அடுத்த குடிசைக்காரி மொக்கச்சியின் ஆட்டுப்பட்டி மேல் விழுந்தது. இரண்டு ஆடு செத்துப்போயின. பூவராகர் பல்லக்கில் வந்தார். மரத்தைப் பார்த்தார். செத்த ஆட்டைப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ஆடுகள் நாள் முழுக்க மேலே பார்த்துக்கொண்டே நின்றிருக்கின்றன. தழை மேல் ஆசை. கண் பட்டுவிட்டது. இனிமேல் எல்லா ஆடுகளையும் குன்றுக்கு முதுகைக் காட்டிக் கட்டுங்கள்."

"ஏங்க ஐயா," என்றாள் மொக்கச்சி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "செத்த ஆட்டையும் திருப்பி வைக்கணுங்களா?"

பூவராகர் அதையும் யோசித்தார். "வைத்துவிடு. எதற்கும் இருக்கட்டும்" என்றார்.

விழுந்த மரத்தின் வேரை யாரும் பார்ப்பதற்குள் சேவகர்கள் அதை வெட்டி எரித்துவிட்டார்கள். அது மட்டும் அந்த நாட்டில் வேகமாக நடந்தது.

அன்றிலிருந்து ஆவுடை பகலில் தூளியே கட்டவில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எருக்கூடையைத் தலையில் சுமந்தாள். கொஞ்சம் காற்று வீசினால் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். சோறு இறங்கவில்லை. பால் குறைந்தது. பொடிச்சி பசியில் அழுதாள். பயம் அப்படித்தான். பெரிய மனிதர்களின் முட்டாள்தனம் கடைசியில் ஒரு கைக்குழந்தையின் பாலில் வந்து நிற்கும்.

அதற்கு மேல் அவள் யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. அளவுத் திருவிழா வந்தது. ராஜா குன்றுக்கு வந்தார். குன்றிலேயே மிக உயரமான மரத்துக்குப் பட்டுச் சுற்றி, மகாராஜா மரம் என்று பேர் வைத்திருந்தார்கள். அதன் எதிரில் ராஜாவுக்குப் பந்தல். ஒன்பதாள் உயரம் என்று அளந்து சொன்னதும் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். கவிராயர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆவுடை குழந்தையோடு வந்து பந்தலுக்கு முன்னால் விழுந்தாள்.

"மகாராசா, உசரத்தை அளந்துட்டீங்க. ஆழத்தையும் அளந்துடுங்க."

பூவராகர் பதறினார். "இவள் ஆட்டுக்காரி, மகாராஜா."

"நான் ஆட்டுக்காரி இல்லிங்க. குழி வெட்டினவ. இந்தக் குன்றுல எந்தக் குழி எம்புட்டு ஆழம்னு எனக்குத் தெரியும். இந்த மரமெல்லாம் வேர் விட்டு நிக்கல மகாராசா. பானையில உக்காந்திருக்கு."

கொடைமாறனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. அவர் அப்போது உட்கார்ந்திருந்தது அந்த மரத்துக்கு நேர் எதிரே. "எப்படி நிரூபிப்பாய்?" என்றார்.

ஆவுடை எழுந்தாள்.

"நாத்து வந்த அன்னைக்கு அம்பது நாத்து மிஞ்சிப்போச்சு. என் புருசன் அதை மேலே சுமக்கச் சோம்பப்பட்டு ஆத்தோரம் சேத்துல செருகிட்டான்."

இருளப்பன் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்பது வருஷத்துச் சோம்பல் இப்படி ராஜசபையில் வெளிவரும் என்று அவன் நினைக்கவில்லை.

"அதுக்கு ஒரு கூடை எரு யாரும் போடல. இன்னும் நாப்பது நாத்தை அடிவாரத்துச் செம்மண்ணுல, பாதையோரமா நட்டாங்க. அங்கதான் நாங்க சுமை இறக்கி மூச்சு வாங்குவோம். சிந்தினது சிதறினது சேர்த்தா மரத்துக்கு மூணு கூடை எரு விழுந்திருக்கும். மூணாவது, இந்தக் குன்று. முப்பது கூடை, நாப்பது கூடை. ஒரே நாத்து, ஒரே வயசு. மூணு இடத்துலயும் ஒரு மரத்தை ஒரே கயித்தால, ஒரே எருமையைக் கட்டி இழுக்கச் சொல்லுங்க. நான் சொன்னது பொய்னா என்ன வேணா செய்யுங்க."

பூவராகர் முன்னால் வந்தார். "பொய்யென்றால், இவளும் இவள் குழந்தையும் ஆயுசுக்கும் மகாராஜா மரத்தின் அடியிலேயே குடியிருக்க வேண்டும். குடிசையை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டித் தருகிறேன்."

ஆவுடை பொடிச்சியை இறுக்கிக்கொண்டாள். "சரி" என்றாள். வேறு வழி அவளுக்கு எங்கே இருந்தது?

அரண்மனை மடப்பள்ளிக்குத் தண்ணீர் இழுக்கிற எருமையைக் கொண்டுவந்தார்கள். அது ஒரு சாதுவான எருமை. அதற்கு அரசியல் தெரியாது.

முதலில் ஆற்றங்கரை. அங்கே வந்து நின்ற ராஜாவுக்கு வாய் மூடவில்லை. ஐம்பது தேக்குகள். ஒவ்வொன்றையும் ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டவில்லை. குன்றில் இருந்த எல்லா மரத்தையும்விட அவை உயரம். மாடியிலிருந்து தெரியாத பள்ளத்தில் நின்றதால் ஒன்பது வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதை வளர்த்தது யார்?" என்று கேட்டார் ராஜா.

"யாரும் வளர்க்கலிங்க," என்றான் இருளப்பன். "நான் தூக்கிப் போட்டதுதான்."

இரண்டாள் உயரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். எருமை இழுத்தது. மூச்சு வாங்க இழுத்தது. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கயிறு பட்டென்று அறுந்தது.

"கயிறு பழையது," என்றார் பூவராகர். தேர் இழுக்கிற புது வடத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்து செம்மண். நாற்பது மரங்களும் ஆற்றங்கரை மரத்தைவிடக் கொஞ்சம் ஒல்லி, ஆனால் நெட்டுக்குத்தாக நின்றன. தழை கரும்பச்சை. புது வடத்தைக் கட்டினார்கள். எருமை இழுத்தது. முன்னங்கால் மடங்கி மண்டியிட்டது. மரம் லேசாக முனகியது. அடியில் நிலம் வாய் திறக்கவில்லை.

"எருமை களைத்துவிட்டது," என்றார் பூவராகர். எருமைக்குப் புல்லும் தண்ணீரும் கொடுத்து ஒரு நாழிகை ஓய்வு கொடுத்தார்கள். தன்னைத் தோற்கடிக்கப் போகிற எருமைக்குத் தானே புல் கொடுத்தவர் அவர்.

மூன்றாவது குன்று. எந்த மரம் என்று ராஜா கேட்டார். பூவராகர் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா மரம்தான். வேறென்ன? குன்றிலேயே அதுதான் உயரம்." உயரத்தைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாதே.

ராஜா பந்தலில் உட்கார்ந்தார். வடத்தைக் கட்டினார்கள். எருமைக்காரன் இன்னும் கோலைத் தூக்கக்கூட இல்லை. பந்தல் ஓரமாகக் கொஞ்சம் அறுகம்புல் முளைத்திருந்தது. எருமை அதைப் பார்த்தது. நான்கு எட்டு வைத்து அதைத் தின்னப் போனது.

க்ர்ரீக்.

அடியில் நிலம் வாய் திறந்தது. மறுபடி மூடவில்லை. ஒன்பதாள் உயர மரம், பட்டுச் சுற்றிய மரம், மகாராஜா மரம், மெல்லச் சாய்ந்தது. ராஜா ஓடினார். பாதக்குறடு ஒரு பக்கம், பட்டு உத்தரீயம் ஒரு பக்கம். மந்திரிகள் ராஜாவுக்கு முன்னாலேயே ஓடினார்கள். கவிராயர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பந்தல் நொறுங்கிக் கிடந்தது. எருமை மட்டும் புல்லை மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தது.

புழுதி அடங்கியதும் ஒவ்வொருவராக வந்து வேரைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பயத்தால் இல்லை, சிரிப்பால். ஒன்பது வருஷத்து வேரெல்லாம் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி, பின்னிப் பின்னி, ஒரு சோற்றுப்பானையின் வடிவில் உருண்டு கிடந்தது. அந்தப் பானைக்கு வாய் விளிம்புகூட இருந்தது. ஆவுடையின் கடப்பாரை அன்று எங்கே நின்றதோ அங்கே வேரும் நின்றிருந்தது.

"பொங்கல் வைக்கலாம் போல இருக்கே," என்றாள் மொக்கச்சி.

பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. கல்லுக்குக் கூடை கூடையாகச் சோறு ஊட்டிய நாடு என்று அவர்களே அவர்களைச் சொல்லிச் சிரித்தார்கள். பூவராகர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த எரு சரியில்லை மகாராஜா," என்றார். "அடுத்த வருஷம் குதிரைச் சாணம் போட்டுப் பார்க்கலாம்."

"எரு கெட்டது இல்லிங்க மகாராசா," என்றாள் ஆவுடை. "செம்மண்ணு மரத்தைப் பாருங்க, மூணு கூடையை வாங்கிக்கிட்டு எப்படி நிக்குது. வேர் போக இடம் இருந்தா எருவுக்கு அர்த்தம் இருக்கு. இங்க இடத்தைப் பார்க்காமக் கொட்டினோம். வயலுக்குப் போக வேண்டியது கல்லுக்குப் போச்சு. ஆடி பொறக்கறதுக்குள்ள எங்களை இறங்க விடுங்க."

ராஜா குன்றைப் பார்த்தார். மேலே இன்னும் மூவாயிரத்துக்கு இரண்டு குறைவாக நின்றன. காற்று லேசாக வந்தது. எல்லாம் சேர்ந்து முனகின. அவர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நடந்துகொண்டே கட்டளை போட்டார். பதினோரு குடும்பமும் அன்றே செம்மண் நிலத்துக்குக் குடிபோகலாம், வீடு கட்ட ஆட்கள் தரப்படும். எருவரி ஒழிந்தது. குன்றில் உள்ள மரங்களை ஆடிக்குள் வெட்டி இறக்க வேண்டும். குழிகளில் மிஞ்சிய எருவைப் பூவராகரே தலையில் சுமந்து வயலுக்கு வயல் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

அப்படித்தான் நடந்தது. கூடையோடு பூவராகர் வரப்பில் தடுமாறி வரும்போது மாடுகள்கூட வாலை ஆட்டின.

ஆடிக்கு முன்னாலேயே பதினோரு வீடுகளும் எழும்பின. மண்சுவர், கீற்றுக் கூரை, வாசலுக்கு நல்ல கதவு. ஆவுடை புதுத் தூளியைக் கட்டினாள். பொடிச்சி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அரண்மனைக்காரர்கள் ஒரு பாடத்தை ஒரு தடவையில் படித்ததாகச் சரித்திரமே இல்லை.

குடிபோன மூன்றாம் நாள் காலையில் வாசலில் மேளம் கேட்டது. ஆவுடை கதவைத் திறந்தாள். வெளியே பல்லக்கு நின்றது. தட்டுத் தட்டாகப் பட்டு, பழம், சந்தனம். எல்லாவற்றுக்கும் முன்னால் கவிராயர்.

"மண்ணறிந்த மகாதேவியே! மரங்களின் தாயே! மூவுலகும் போற்றும் மூதறிஞையே!" என்று ஆரம்பித்தார். "இனி இந்த நாட்டுக்கு வனத்தலைவி நீங்கள்தான் என்று மகாராஜா முடிவு செய்துவிட்டார். உங்களுக்கு ஏழடுக்கு மாளிகை கட்டப் போகிறோம்."

"எங்க கட்டப் போறீங்க?" என்றாள் ஆவுடை.

"குன்றின் உச்சியில்தான் தாயே. அங்கேதான் பக்கத்து நாட்டு ராஜா பல் விளக்கும்போது தெரியும்."

ஆவுடை அவரையே பார்த்தாள். "கவிராயரே, இந்தப் பாட்டை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே. போன வருசம் பூவராகருக்குப் பாடினது தானே?"

கவிராயர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அதே பாட்டுத்தான் தாயே. தகப்பன் என்று இருந்ததைத் தாய் என்று மாற்றினேன். சந்தம் கெடவில்லை."

ஆவுடை தட்டுகளைப் பார்த்தாள். பட்டு ஒரு கூடை. பழம் ஒரு கூடை. புகழ் ஒரு கூடை. அவளுக்குத் தெரிந்தது குழி வெட்டுவது, சுமை சுமப்பது, மரத்தடியில் விரலை விட்டுப் பார்ப்பது. அதற்கு இவர்கள் எத்தனை கூடை கொட்டப் போகிறார்கள்? கொட்டக் கொட்ட அவளும் உயருவாள். பட்டுச் சுற்றுவார்கள். வருஷா வருஷம் அளப்பார்கள். ஒரு நாள் ஏதோ ஓர் எருமை புல்லைத் தேடிப் போகும்.

"மகாராசாகிட்டச் சொல்லுங்க," என்றாள். "எந்த இடத்துல என்ன நடலாம்னு கேட்டா, கூடவே நடந்து வந்து தோண்டிக் காட்டுறேன். குழி வெட்டின கூலி குடுத்தாப் போதும். மாளிகையில அவரே இருந்துக்கட்டும்."

"தாயே, இன்னும் இருபத்தேழு அடி பாட்டு பாக்கி இருக்கிறதே!"

"பிள்ளை தூங்குது," என்றாள் ஆவுடை.

கேட்டீர்களா பிள்ளைகளே, ஆழமில்லாத இடத்தில் எத்தனை கூடை எருவைக் கொட்டினாலும் அது வேரை வளர்ப்பதில்லை, விழுவதற்கு வேண்டிய உயரத்தை மட்டுமே கொடுக்கிறது, அது மரத்துக்கும் அப்படித்தான், மனிதருக்கும் அப்படித்தான்.

கவிராயர் அடுத்த அடியைப் பாட மூச்சை இழுத்தார். ஆவுடை அவர் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.